ஓர் உருண்டை, நூறு கலோரி: வகுப்பறையில் தின்பண்டம் செய்து உணவையும் சக்தியையும் கற்பிக்கும் வழி

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். 1 கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4 என்று பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியும்விடும். அதே பிள்ளையின் கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டி, இதில் எவ்வளவு சக்தி, ஒரு தொன்னை சுண்டலில் எவ்வளவு என்று கேட்டால் விழிக்கும். படித்த எண்ணும் தின்கிற பண்டமும் மனதில் தனித்தனியாகக் கிடக்கின்றன. தானே தராசில் நிறுத்து, தன் கையால் உருட்டிய உருண்டைக்குத் தானே கணக்குப் போட்டால்தான் இரண்டும் ஒட்டும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 5 முதல் 7-ஆம் வகுப்பு வரையிலான, 35 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்புக்கானவை. முதல் நாளுக்குத் தொடர்ந்து இரண்டு பாடவேளை, சுமார் 90 நிமிடம் வேண்டும். அன்று நூறு கலோரித் தட்டும் கடலை உருண்டையும் போதும். நிலக்கடலையை எரிப்பது, பயறு முளைகட்டுவது, எலுமிச்சைச் சாறு ருசிப்பது எல்லாம் அடுத்த வாரங்களுக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் கடைசியில் தின்றது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

பாடம் முழுக்க இரண்டே கேள்விகளைச் சுற்றி வர வேண்டும். இதில் எவ்வளவு சக்தி இருக்கிறது? அந்தச் சக்தியோடு வேறு என்ன வருகிறது? இரண்டையும் கரும்பலகையில் பெரிதாக எழுதிவிடுங்கள். "நல்ல சாப்பாடு", "கெட்ட சாப்பாடு" என்ற சொற்களை அன்றைக்கு யாரும் பயன்படுத்த வேண்டாம். ஒரு பிள்ளையின் வீட்டில் தினமும் வாங்குவதை நாம் கெட்டது என்று முத்திரை குத்தினால் அது வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

ஒரு வாரம் முன்பே பெற்றோருக்குக் கடிதம் போக வேண்டும். நிலக்கடலை, எள், முந்திரி, பால் ஆகியவற்றில் எதற்காவது பிள்ளைக்கு ஒவ்வாமை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். "சாப்பாட்டில் ஏதாவது பிரச்சினை உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். சாப்பிட்டதும் உதடு வீங்குவது, உடம்பில் தடிப்பு எழுவது, மூச்சு இரைப்பது என்று அறிகுறிகளைச் சொல்லிக் கேட்டால்தான் உண்மை தெரியும். ஒரே ஒரு பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருந்தாலும் வகுப்பு முழுவதற்கும் நிலக்கடலையைக் கைவிட்டு, பொட்டுக்கடலை மாவும் தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்து உருட்டுங்கள். அந்தப் பிள்ளையை மட்டும் ஓரமாக உட்கார வைப்பது ஆபத்தையும் நீக்காது, மனதையும் நோகடிக்கும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருந்தால், எத்தனை மணிக்கு, எவ்வளவு தரப்போகிறோம் என்பதை வீட்டில் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் இந்தப் பாடத்தை வைக்காதீர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பல பிள்ளைகள் காலையில் வெறும் டீயோடு வருகிறார்கள். பதினொன்றரை மணிக்கு அவர்கள் முன் வெல்லத்தை வைத்து "முதலில் எடை போடு" என்றால், தராசுக்குப் போவதற்குள் வெல்லம் பாதியாகும். அது பிள்ளைகளின் குற்றமில்லை. மதிய உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்வது நல்லது.

சமையலறை டிஜிட்டல் தராசு குறைந்தது இரண்டு வேண்டும். 1 கிராம் துல்லியம் போதும். அவை 5 கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உப்பு, ஏலக்காய் போன்றவற்றை நிறுக்க வேண்டுமானால் பத்து ஸ்பூன் சேர்த்து நிறுத்து, பத்தால் வகுக்க வேண்டும். பிள்ளைகள் செய்யும் பிழைகளில் முதலிடம் கிண்ணத்தின் எடையைக் கழிக்க மறப்பதற்குத்தான். காலிக் கிண்ணத்தை வைத்து, பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்தி, பிறகு பொருளைப் போடும் வரிசையை முதலிலேயே இரண்டு முறை செய்து காட்டுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே தராசை வைத்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

நூறு கலோரித் தட்டு

எல்லோரும் "கலோரி" என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் அது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை கையில் தூக்கிக் காட்டி இதைச் சொல்லுங்கள். நூறு கலோரி என்றால் இந்தத் தண்ணீரைப் பனிக்கட்டி உருகும் நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். ஒரு சின்ன உருண்டைக்குள் அவ்வளவு இருக்கிறது என்றால் பிள்ளைகள் உடனே நம்பமாட்டார்கள். நம்பாமல் இருப்பது நல்லதுதான், சோதிக்கத் தோன்றும்.

இப்போது ஒவ்வொரு பொருளிலும் 100 கிலோகலோரி தரும் அளவைத் தனித்தனித் தட்டில் நிறுத்து வைக்க வேண்டும். ஏறக்குறைய இப்படி வரும்: எண்ணெய் 11 கிராம், வறுத்த நிலக்கடலை 17 அல்லது 18 கிராம், உருளைக்கிழங்கு சிப்ஸ் 18 அல்லது 19, பிஸ்கட் 21, வெள்ளைச் சர்க்கரை 25, வெல்லம் 26, பொட்டுக்கடலை 27, அவல் 28, வேகவைத்த கொண்டைக்கடலை 60, உரித்த வாழைப்பழம் 110, கொய்யா 145, வெள்ளரிக்காய் 650 கிராம். பட்டியலுக்குப் பட்டியல் இந்த எண்கள் சற்று மாறும். ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு பாடம் முழுக்க அதையே பயன்படுத்துங்கள்.

எடை போடும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஐந்து பேர் கொண்ட ஏழு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒன்றிரண்டு பொருள் கொடுங்கள். நிறுப்பதற்கு முன்பு ஒவ்வொரு குழுவும் கண்ணால் பார்த்து, 100 கலோரி என்று தாங்கள் நினைக்கும் அளவைத் தட்டில் எடுத்து வைக்கட்டும். பிறகு சரியான அளவை இன்னொரு தட்டில் நிறுத்துப் பக்கத்தில் வைக்கட்டும். எண்ணெயை அதிகமாகவும் வெள்ளரியைக் குறைவாகவும் எடுப்பார்கள். சாப்பாட்டில் நீரும் கொழுப்பும் என்ன செய்கின்றன என்பது இந்த இடத்தில் சொல்லாமலே புரியும். வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் மூன்று காய் அடுக்க வேண்டியிருக்கிறது. எண்ணெயில் தண்ணீரே இல்லை, இரண்டரை டீஸ்பூனில் கணக்கு முடிந்துவிடுகிறது.

எல்லாத் தட்டுகளையும் வரிசையாக வைத்த பிறகு நிலக்கடலைத் தட்டையும் சிப்ஸ் தட்டையும் மட்டும் முன்னால் இழுங்கள். இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை, ஒரே சக்தி. "அப்புறம் ஏன் மிஸ் சிப்ஸ் வேண்டாம்னு சொல்றீங்க?" என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். உடனே பதில் சொல்லாமல் இரண்டாவது கேள்விக்குக் கையைக் காட்டுங்கள்: சக்தியோடு வேறு என்ன வருகிறது? 17 கிராம் நிலக்கடலையில் 4 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. சிப்ஸில் 1 கிராம் சொச்சம். சிப்ஸ் பாக்கெட்டின் பின்புறம் சோடியம் எவ்வளவு என்று படிக்கச் சொல்லுங்கள், வறுத்த கடலைக்கு நாம் எவ்வளவு உப்புப் போட்டோம் என்று கேளுங்கள். கூடவே இன்னொன்று: பத்துப் பருப்பைக் கொடுத்து மெல்லச் சொல்லி நேரம் பாருங்கள், பிறகு அதே எடை சிப்ஸ். மென்று விழுங்க எடுக்கும் நேரத்தின் வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவு கிளம்பும், அதை அங்கேயே திருத்த வேண்டும். கலோரி குறைவாக இருப்பதுதான் நல்ல உணவு, அப்படியானால் வெள்ளரிதான் உசத்தி என்று சிலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், நினைத்துக்கொள்வார்கள். வளரும் உடம்புக்குச் சக்தி நிறைய வேண்டும். 10 முதல் 12 வயது வரை ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,220, பெண் பிள்ளைக்குச் சுமார் 2,060 கிலோகலோரி என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. அதை வெள்ளரியால் நிரப்ப 13 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். மெலிந்த, கொஞ்சமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு நிலக்கடலையின் அடர்த்தியான சக்தி ஒரு வரம். சும்மா உட்கார்ந்திருந்தாலே, மூளைக்கும் இதயத்துக்கும் உடல் சூட்டுக்குமாக, இந்த வயதுப் பிள்ளையின் உடம்பு மணிக்குச் சுமார் 50 கிலோகலோரி செலவழிக்கிறது. நூறு கலோரித் தட்டு இரண்டு மணி நேரத்துக்கு உயிரோடு இருப்பதற்கான எரிபொருள் என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். "இந்த உருண்டையைத் தின்றால் இத்தனை சுற்று ஓட வேண்டும்" என்ற கணக்கை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். விளையாட்டைத் தண்டனையாகவும் சாப்பாட்டைக் குற்றமாகவும் அது மாற்றிவிடும்.

கடலை உருண்டை, பாகு இல்லாமல்

கடையில் விற்கும் கடலை உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சி உருட்டுபதம் பார்க்க வேண்டும். அந்தப் பாகு கொதிக்கும் தண்ணீரை விடச் சூடானது, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகப் பொசுக்கும். வகுப்பறைக்கு அது வேண்டவே வேண்டாம். அரைத்த கடலையிலிருந்து கசியும் எண்ணெயும் வெல்லத்தின் ஈரமுமே உருண்டை பிடிக்கப் போதும்.

ஐந்து பேர் குழு ஒன்றுக்கு வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 60 கிராம், பொடித்த வெல்லம் 30 கிராம், பொட்டுக்கடலை மாவு 15 கிராம், ஒரு சிட்டிகை ஏலக்காய்த் தூள், நான்கைந்து உப்புக் கல். மொத்தம் 105 கிராம். ஜாரிலும் கையிலும் 5 கிராம் ஒட்டிப் போனாலும் தலைக்கு 20 கிராமில் ஐந்து உருண்டை கிடைக்கும். ஏழு குழுவுக்கும் சேர்த்துப் பச்சை நிலக்கடலைப் பருப்பு அரை கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். வறுக்கும்போது ஈரமும், புடைக்கும்போது தோலும், பொறுக்கும்போது சொத்தையும் போய்விடும்.

கடலையை முந்தின நாளே பெரியவர்கள் வறுத்து வைத்துவிட வேண்டும். அடி கனமான வாணலியில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம், கை விடாமல் கிளற வேண்டும். ஒரு பருப்பை எடுத்து ஆறவிட்டுக் கடித்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். சூட்டோடு கடித்துப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கும், அதை நம்பி மேலும் வறுத்துக் கருக்கிவிடுவார்கள். பெருந்தீயில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சை வாசனை நிற்கும், அப்படிப்பட்ட கடலை அரைத்தால் கசியாது.

தோல் நீக்குவதையும் சொத்தை பொறுக்குவதையும் பிள்ளைகளுக்கு விடுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கசக்கி, முறத்தில் இட்டுப் புடைத்தால் தோல் பறக்கும். புடைக்கத் தெரிந்த பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். பெரும்பாலும் படிப்பில் முன்னால் வராத பிள்ளையாக இருக்கும், அதை ஆசிரியராக்கிவிடுங்கள். சுருங்கியவை, கருத்தவை, பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பிடித்தவை எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும். அந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாக அழியாது. வாயில் போட்டதும் கசந்தால் விழுங்காமல் துப்பிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கப்படுத்துங்கள்.

மிக்ஸியைப் பெரியவர் இயக்க வேண்டும். முதலில் கடலையை மட்டும் போட்டு, ஓடவிடாமல் விட்டுவிட்டு நான்கைந்து சுற்று. ரவை போல் உடைந்ததும் வெல்லத்தைச் சேர்த்து மீண்டும் இரண்டு மூன்று சுற்று. கலவையை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். விரல் தடம் அப்படியே நின்றால் பதம் சரி. உதிர்ந்தால் இன்னும் ஒரு சுற்று. மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து ஜாரின் அடியில் கூழாகத் திரளும். அதற்குத்தான் பொட்டுக்கடலை மாவைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது: கூழாகிப்போன கலவையில் அதைத் தூவிப் பிசைந்தால் எண்ணெயை இழுத்துக்கொண்டு இறுகும். கலவை சரியான பதத்தில் இருந்தாலும் மாவைக் கையாலேயே பிசைந்து சேருங்கள்.

பிழையின் மற்றொரு ஊற்று வெல்லம். காய்ந்து இறுகிய பழைய வெல்லம் ஒட்டாது, அப்போது அரை டீஸ்பூன் வெந்நீர் தெளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் அதிகமானால் உருண்டை அன்றைக்கே பிசுபிசுத்து மறுநாள் புளிக்கும். மண் கலந்த வெல்லமாக இருந்தால் பல்லில் நறநறக்கும். பாகு காய்ச்சாததால் வடிகட்ட வழியில்லை. எனவே ஒரு துண்டைத் தண்ணீரில் கரைத்து, டம்ளரின் அடியில் எவ்வளவு மண் நிற்கிறது என்று கடையில் வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள். வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதைத் தேடிப் போக வேண்டாம்.

உருட்டும்போது ஒவ்வொரு பிள்ளையும் தன் உருண்டையைத் தராசில் வைத்து 20 கிராமுக்குச் சரிசெய்யட்டும். இறுக்கிப் பிடித்து, கடைசியில் மட்டும் உள்ளங்கையில் உருட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே உருட்டினால் விரிசல் விடும்.

கணக்குப் போடும் நேரம் இதுதான். 100 கிராமுக்கு நிலக்கடலை 570, வெல்லம் 380, பொட்டுக்கடலை 370 கிலோகலோரி என்று பலகையில் எழுதுங்கள். குழுவின் கணக்கு: கடலை 342, வெல்லம் 114, பொட்டுக்கடலை 56, கூட்டினால் 512. 105 கிராமுக்கு 512 என்றால் 20 கிராமுக்கு? ஏறக்குறைய 98. நூறு கலோரித் தட்டை இப்போது பிள்ளை தன் கையிலேயே வைத்திருக்கிறது.

இத்தோடு விடாமல் அந்த நூறு எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள். ஓர் உருண்டையில் கொழுப்பு சுமார் 6 கிராம், அதை 9-ஆல் பெருக்கினால் 54. இனிப்புப் பண்டம் என்று நினைத்ததில் பாதிச் சக்தி கொழுப்பிலிருந்து வருகிறது. வெல்லம் 6 கிராமுக்கும் குறைவு. புரதம் சுமார் மூன்றரை கிராம். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 32 அல்லது 33 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது, அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓர் உருண்டையிலேயே கிடைத்துவிடுகிறது. பக்கத்தில் 25 கிராம் சர்க்கரைத் தட்டை வையுங்கள்: அதே சக்தி, புரதம் பூஜ்ஜியம். வெல்லம் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா என்ற கேள்வி வரும். வெல்லத்தில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு, ஆனால் சக்திக் கணக்கிலும் பல்லுக்கும் அது சர்க்கரைதான்.

நிலக்கடலையை எரித்துப் பார்ப்பது

இதை ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஈரத்துணியும் மணல் வாளியும் இருக்கட்டும். ஸ்டாண்டில் பொருத்திய சோதனைக்குழாயில் 20 மில்லி தண்ணீர், அதற்குள் வெப்பமானி. பச்சைக் கடலைப் பருப்பு ஒன்றைக் குண்டூசியில் குத்தி, ஊசியின் மறுமுனையைக் களிமண்ணில் நட்டு வையுங்கள். நேராகக் குத்தினால் பருப்பு இரண்டாகப் பிளக்கும். பிளவுக்குக் குறுக்காக மெதுவாகத் திருகிக் குத்த வேண்டும். ஒரு பருப்பின் எடையை நம் தராசு காட்டாது, 20 பருப்பை நிறுத்து 20-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அரை கிராம் வரும்.

குழாயிலிருந்து தள்ளிவைத்து மெழுகுவர்த்தியால் பற்றவையுங்கள். பிடிக்க அரை நிமிடம்கூட ஆகலாம். பிடித்ததும் குழாய்க்கு அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நகர்த்துங்கள். ஒரே ஒரு பருப்பு தொடர்ந்து கொழுந்துவிட்டு எரிவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அணைந்ததும் தண்ணீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். 35 டிகிரி உயர்ந்திருந்தால் 20 × 35 = 700 சிறு கலோரி, அதாவது 0.7 கிலோகலோரி. ஆனால் பட்டியலின்படி அரை கிராம் கடலையில் சுமார் 2.8 இருக்க வேண்டும். கால் பங்குதான் தண்ணீருக்குள் போயிருக்கிறது. மீதி எங்கே என்று கேட்டு, விடையைப் பிள்ளைகளிடமிருந்தே வாங்குங்கள்: சுற்றியிருக்கும் காற்று சூடாகியிருக்கிறது, கண்ணாடி சூடாகியிருக்கிறது, குழாயின் அடியில் கரி படிந்திருக்கிறது, ஊசியில் எரியாத கட்டி மிச்சம் இருக்கிறது. குழாயைச் சுற்றித் தகர டப்பா ஒன்றைக் கவசமாக வைத்து மீண்டும் செய்தால் எண் கூடும்.

உடம்புக்குள் இப்படி நெருப்பு எரிகிறதா என்று கேட்பார்கள். இல்லை. 37 டிகிரியிலேயே, நொதிகளின் உதவியோடு, ஆக்சிஜனைக் கொண்டு படிப்படியாக அதே சக்தி வெளியாகிறது. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருப்பதற்கும் காரணம் இதுவே. எரித்த கடலையையும் மேசையில் மிஞ்சியதையும் யாரும் வாயில் போடக்கூடாது. நிலக்கடலை கூடாத வகுப்பில் கொப்பரைத் துண்டை வைத்துச் செய்யலாம், அதுவும் நன்றாக எரியும்.

முளைகட்டிய பாசிப்பயறு

முழுப் பாசிப்பயறு 350 கிராம், தலைக்கு 10 கிராம் கணக்கு. உடைத்த பாசிப்பருப்பு முளைக்காது. ஏன் என்று ஒரு குழுவுக்கு அதையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் நல்ல தாவரவியல் பாடமாகும். புதன்கிழமை வகுப்பு என்றால் திங்கள் இரவு 8 மணி நேரம் ஊறவைத்து, செவ்வாய் காலையில் தண்ணீரைச் சுத்தமாக வடித்து, ஈரமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் துணியோடு அலசிப் பிழிய வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு 24 மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் முளை வரும். துணிக்குள் தண்ணீர் தேங்கினால் பயறு வழவழத்துப் புளித்த வாடை அடிக்கும். அலசி மணத்தைப் போக்கிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள். முளைக்கும் சூழல் கிருமிக்கும் தோதானது, அதனால் பிள்ளைகளுக்குப் பச்சையாகத் தர வேண்டாம். இட்லிப் பானையில் 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, துருவிய கேரட், தேங்காய், எலுமிச்சைச் சாறு, மொத்தத்துக்கும் ஒரு டீஸ்பூன் உப்புச் சேருங்கள்.

முளைத்த பயறை மறுபடி நிறுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். சக்தியும் இரண்டு மடங்காகிவிட்டதா? கூடியது தண்ணீர்தான். சக்தி கூடவில்லை, முளைக்கும்போது சிறிது செலவாகியும் இருக்கிறது. வைட்டமின் சி மட்டும் புதிதாக உண்டாகிறது. ஆவியில் அதில் கொஞ்சம் போகும், எலுமிச்சை அதை ஈடுகட்டும். பரிமாறத் தொன்னை அல்லது வாழையிலைத் துண்டு. செய்தித்தாள் கூம்பு வேண்டாம், அச்சு மை சூடான சுண்டலில் ஒட்டும்.

இனிப்பு எங்கே ஒளிகிறது

மூன்று ஜக்கு தயார் செய்யுங்கள். முதலாவதில் 66 கிராம் சர்க்கரை போட்டுத் தண்ணீர் ஊற்றி 600 மில்லியாக்குங்கள், வேறெதுவும் வேண்டாம். இரண்டாவதில் அதே 66 கிராம், கூடவே இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குளிரவைத்தது. மூன்றாவதில் 24 கிராம் சர்க்கரை, அதே எலுமிச்சை, அதே குளிர்ச்சி. எதில் எவ்வளவு என்று சொல்லாமல் ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி ருசிக்கக் கொடுத்து, இனிப்புக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதச் சொல்லுங்கள். முதலாவதைக் குடித்துவிட்டு முகம் சுளிப்பார்கள், இரண்டாவதை விரும்புவார்கள். சர்க்கரை இரண்டிலும் ஒன்றே. புளிப்பும் குளிர்ச்சியும் இனிப்பை நாக்கிலிருந்து மறைத்துவிடுகின்றன. பாட்டில் குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை இருந்தும் திகட்டாமல் இறங்குவது இதனால்தான்.

250 மில்லி பாட்டிலுக்கு 27 கிராம் என்று கணக்கிட்டு, அதை ஸ்பூனால் ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுக் காட்டுங்கள். தலைதட்டிய டீஸ்பூன் ஆறரைக்கு மேல் வரும். சேர்க்கும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2,000 கிலோகலோரிக்கு அது 50 கிராம். ஒரு பாட்டிலில் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. மூன்றாவது ஜக்கைத்தான் "குறைவாக இருக்கிறது" என்பார்கள். ஒரு மாதம் எலுமிச்சைச் சாற்றை அந்த அளவில் கொடுத்துவிட்டு அதே சோதனையை மீண்டும் நடத்துங்கள். மதிப்பெண்கள் நகர்ந்திருக்கிறதா என்று பிள்ளைகளே பழைய தாளோடு ஒப்பிடட்டும்.

நேரம் மிஞ்சினால்

மாவுச்சத்தைக் காட்ட அயோடின் கரைசலை நீர்க்கக் கலந்து ஒரு சொட்டு விடுங்கள், புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினும் வேலை செய்யும். அவல், உருளைக்கிழங்கு, வாழைக்காய் கருநீலமாகும், நன்கு கனிந்த வாழைப்பழத்தில் நிறம் மங்கும், ஏனென்றால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டது. கொழுப்புக்கு வெள்ளைத் தாளில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். ஈரக்கறை காய்ந்துவிடும், எண்ணெய்க்கறை நிற்கும். சோதனைப் பொருட்களுக்குத் தனி மேசை, தின்னும் பொருட்களுக்குத் தனி மேசை. இரண்டுக்கும் நடுவே சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி லேபிள் படிக்கலாம். 100 கிராமுக்கான எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். பரிமாறும் அளவுக்கான எண், நிறுவனம் எத்தனை பிஸ்கட்டை ஒரு பங்கு என்று வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்தது. பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்போ உப்போ சர்க்கரையோ மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. பெரிய பிள்ளைகள் இருந்தால் நாடா கொண்டு அந்த 50 மீட்டரை அளந்துவரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் எடையை வகுப்பில் நிறுக்க வேண்டாம், டிபன் பாக்ஸைத் திறந்து விமர்சிக்கவும் வேண்டாம். கை கழுவ சோப்போடு 20 விநாடி, நகம் வெட்டியிருக்க வேண்டும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள பிள்ளைக்கு அன்று எண்களை எழுதும் வேலை. உருண்டைகள் ஈரமில்லாத மூடிய டப்பாவில் ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் கடலை எண்ணெய் காறிப்போகும். தண்ணீர் தெளித்துப் பிடித்தவற்றை அன்றே தின்றுவிட வேண்டும். சுண்டலை வேகவைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள், மிஞ்சியதை வீட்டுக்குக் கட்டிக்கொடுக்காதீர்கள். செய்முறையும் அளவும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். அதில் கலோரிக்கான இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், பிள்ளை வீட்டில் அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டி நிரப்பிக்கொண்டு வரட்டும்.